அடுப்பு முன்னால் எத்தனை மணி நேரம்?

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கேட்டரிங் கல்லூரி, ஓட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட், செஃப் அகாடமி நடத்திவரும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நான் இந்த ஊரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் சூ செஃப்பாக, அதாவது தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த நிலையில், வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. அடுப்படி வேலைக்கு வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. நடுவில் ஏழு வருடம் வளைகுடாவில் இருந்தேன். ஐ.டி. என்று நாம் சொல்கிற இன்டஸ்ட்ரியல் டிரெயினிங்குக்கு உங்கள் மாணவர்கள் வருடா வருடம் எங்கள் கிச்சனுக்கு வருகிறார்கள். முதல் நாள் அவர்களை வாங்கி நிறுத்துகிற பொறுப்பு என்னுடையது.

அன்று நான் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. ஆளுக்கு இரண்டு கிலோ வெங்காயம், ஒரு பலகை. நறுக்கச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டே அவர்களையும் பார்ப்பேன். வேகம் எனக்கு முக்கியமில்லை. கத்தியை வெறும் பிடியில் பிடிக்கிறானா, அலகின் அடியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடிக்கிறானா, இடது கை விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்கின்றனவா, பலகை வழுக்காமல் அடியில் ஈரத்துணி போட்டானா, தோலை எங்கே போடுகிறான். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், இந்தப் பிள்ளை சமைத்துப் படித்ததா, சமைப்பதைப் பார்த்துப் படித்ததா என்று. பார்த்துப் படித்த பிள்ளைகள் என் கண்ணுக்குத் தெரிய பேட்சுக்கு பேட்ச் கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களை அனுப்பிவைக்கிற உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எழுத வைத்தது என் அண்ணன் மகன்.

மூன்று வருடத்துக்கு முன் அவன் பிளஸ் டூ முடித்தான். சமையல் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அத்தை அந்தத் தொழிலில்தானே இருக்கிறாள் என்ற தைரியம். நான் அப்போது மஸ்கட்டில் இருந்தேன். ரிசல்ட் வந்த மறுநாளே அண்ணன் போனுக்கு அழைப்பு வர ஆரம்பித்துவிட்டது. நம்பர் எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஓர் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, இன்னும் நான்கு குடும்பங்களோடு சேர்த்து வேனில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப் போனார்.

கல்லூரியின் வரவேற்பறையிலிருந்து அண்ணன் என்னை அழைத்தார். “நல்ல காலேஜாத்தாம்மா தெரியுது. கிளாஸ் ரூமெல்லாம் ஏசி. தர்பூசணியிலயே மயிலு செஞ்சு வச்சிருக்காங்க. வெளிநாட்டுல வேல உறுதின்னு எழுதியே குடுக்காங்களாம். இன்னைக்கே கட்டுனா இருபதாயிரம் கொறச்சலாம்.”

“அண்ணே, கிச்சனப் பாத்தியா?”

“கேட்டேன். பரீச்ச நடக்குதாம். இப்ப உள்ள விட முடியாதுன்னுட்டாங்க.”

பத்து நாள் பொறு, லீவு போட்டு வருகிறேன் என்றேன். சாயங்காலமே பணத்தைக் கட்டிவிட்டார்கள். அண்ணி வளையலை அடகு வைத்த பணம். அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற மனிதர் அவர். ஒரு பயிற்சிச் சமையலறையை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? அந்தக் கல்லூரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது ஒன்று மட்டும்தான் இப்படி என்றால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

நான் ஊர் திரும்பிச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் இரண்டாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் என் வீட்டுக்கு வந்தான். கோழி வாங்கி வைத்திருந்தேன். “உன் கத்திய எடுத்துட்டு வந்திருக்கியாடா?” என்றேன். பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். கல்லூரி கொடுத்த கிட். அதற்கும் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். திறந்தால் செஃப் கத்தி, எலும்பு நீக்குகிற போனிங் கத்தி, பீலர், பேலட் கத்தி எல்லாம் வரிசையாக இருந்தன. செஃப் கத்தியின் அலகில் கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. முனையில் பிளாஸ்டிக் உறை. போனிங் கத்தியின் மேல் பூசிய எண்ணெய்கூடப் போகவில்லை.

“இது எப்ப வாங்குனதுடா?”

“ஃபர்ஸ்ட் இயர்ல அத்த. பிராக்டிகல்ல சார்தான் வெட்டுவாரு. நாங்க ரெசிப்பிய நோட்டுல எழுதுவோம்.”

அவன் இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பயிற்சிச் சமையலறையில் நான்கு அடுப்பு, அதில் இரண்டில் பர்னர் அடைப்பு. வாரம் ஒரு நாள் பிராக்டிகல். கோழி பாடம் என்றால் வகுப்புக்கு ஒரு கோழி. சார் அதை எட்டுத் துண்டாக வெட்டிக் காட்டுவார், சமைப்பார், ஆளுக்கொரு ஸ்பூன் ருசி. அந்த ஆசிரியரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் ஐந்து கோழி வேண்டும் என்று இண்டென்ட், அதாவது சரக்குக் கேட்கிற சீட்டு, எழுதுவாராம். ஆபீஸிலிருந்து ஒன்று என்று திருத்தி வருமாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓ.டி.சி., அதாவது வெளியிடக் கேட்டரிங். கல்யாண மண்டபங்களில் கோட் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றுவது, ஸ்டார்ட்டர் தட்டு ஏந்தி நிற்பது. போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் போகும். கையில் பஸ் காசு மட்டும். பிள்ளைகளின் வேலைக்கு கான்டிராக்டர் யாருக்குப் பணம் கொடுத்தார் என்று எந்த மாணவனுக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் இரண்டு வருடத்தில் உருப்படியாகக் கற்ற பாடமும் அங்கேதான் கிடைத்தது. ஒரு மண்டபத்தில் சமையல் மாஸ்டர் ஒருவர் இவனைக் கூப்பிட்டு அண்டா பக்கத்தில் நிறுத்தி, ஐந்நூறு பேர் சாம்பாருக்குப் புளி எப்போது போதும் என்று நுரையின் நிறத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். காய் வேகாமல் புளியை ஊற்றினால் அதற்கு அப்புறம் காய் வேகாது என்பதையும் அவர்தான் சொன்னாராம். எந்தக் கல்லூரிக்கும் போகாத மனிதர், பத்து நிமிடத்தில், கட்டணம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தது.

நான் படித்த இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எதை வைத்து இதையெல்லாம் அளக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1963-ல் தொடங்கிய, தரமணியில் இருக்கிற மத்திய அரசின் ஓட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்டில்தான் படித்தேன். நான் படித்தபோது அது மூன்று வருட டிப்ளமோ. இப்போது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம். முதல் வருடம் பி.டி.கே., அதாவது அடிப்படைப் பயிற்சிச் சமையலறை. உருளைக்கிழங்கைச் சீவி, ஒரே அளவில் நறுக்கி, ஸ்கேல் வைத்துப் பார்க்கிற ஆசிரியை முன்னால் நிற்க வேண்டும். ஆம்லெட் ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் திரும்பப் போட வேண்டும். இரண்டாம் வருடம் க்யூ.டி.கே. நூறு இருநூறு பேருக்கு மொத்தமாகச் சமைக்கிற இடம். அங்கே நாங்கள் சமைத்ததுதான் அன்று மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குச் சோறு இறங்கியாக வேண்டும். ஒருநாள் என் குழு வைத்த சோறு அடிபிடித்து, மேலே இருந்ததிலும் தீய்ந்த வாடை ஏறிவிட்டது. வரிசையில் தட்டோடு நின்ற சீனியர்களின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து பெரிய பாத்திரத்தில் அரிசி போட்டால் கரண்டியை அடிவரைக்கும் விட்டுப் பார்க்காமல் நான் நகர்ந்ததில்லை. அடிபிடிக்க விட்ட கைதான் அதைக் கற்றது. மூன்றாம் வருடம் ஏ.டி.கே., அதாவது உயர்நிலைப் பயிற்சிச் சமையலறை. அங்கே வரும்போது அடுப்பு எங்களுக்குப் பழகியிருந்தது.

அரசு நிறுவனம் என்பதால் அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அதற்கான நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது, தமிழில் இல்லை. விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சுக்குள் மூடிவிடும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தேட ஆரம்பிக்கிற எங்கள் ஊர்க் குடும்பத்துக்கு அந்தக் கதவு ஏற்கெனவே சாத்திக் கிடக்கிறது. அதே தரமணியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒன்றரை வருட உணவுத் தயாரிப்புப் படிப்பு இருப்பதும், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசின் தாட்கோ நிறுவனம் செலவை ஏற்று அங்கே படிக்கவைக்கும் திட்டத்தை அறிவித்ததும், ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்புக்கு ஒரு வருட டிரேடு இருப்பதும், திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கேட்டரிங் நிறுவனம் இருப்பதும் அண்ணனுக்குத் தெரியாது. யாரும் வேன் வைத்துக் கூட்டிப் போய்க் காட்டவில்லை.

அந்த இடைவெளியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் தேவை என்பதும் எனக்குத் தெரியும். அரசு இடங்கள் எல்லோருக்கும் போதாது. என்னிடம் வேலை பார்க்கிறவர்களில் இரண்டு பேர், மிக நல்ல கைக்காரர்கள், தனியார் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள். ஒருத்தி புறநகரில் மாடியில் நடக்கிற சின்ன இன்ஸ்டிடியூட்டில் படித்தவள். வகுப்புக்குப் பதினெட்டுப் பேர்தான் என்றாள், ஆளுக்கு ஓர் அடுப்பு. கட்டடம் பார்க்கச் சுமாராக இருக்குமாம். அவள் வெங்காயம் நறுக்கிய முதல் நாளே நான் அவளுடைய முதல்வருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

ஆகவே ஒரு தனியார் நிறுவனத்தால் இதைச் செய்ய முடியும். செலவுதான் உங்கள் கவலை என்றால், ஃபுட் காஸ்ட் பார்ப்பதுதான் என் தினசரி வேலை, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். 19 கிலோ சிலிண்டர் விலையும் எண்ணெய் விலையும் எனக்கும் தெரியும். ஆனால் அடிப்படை கற்க விலை உயர்ந்த பொருள் தேவையே இல்லை. ஒரு மாணவனுக்கு ஒரு ட்ரே முட்டை கொடுங்கள். முப்பது முட்டையில் ஆம்லெட், போச் (உடைத்து வெந்நீரில் வேகவைப்பது), ஸ்கிராம்பிள், மயோனைஸ், கஸ்டர்ட் என்று சூட்டைப் பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும். வெங்காயம், கேரட், உருளை. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கிற கோழி எலும்பு, அதை வேகவைத்து வடித்த சாறான ஸ்டாக். பத்துக் கிலோ மைதா. வெள்ளை சாஸ் கட்டி தட்டினால் வடிகட்டி மறுபடி செய்யட்டும். நறுக்கிய வெங்காயத்தைக் குப்பையில் போட வேண்டாம், ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு அனுப்புங்கள். வரவேற்பறைத் தர்பூசணி மயிலுக்கும், தொப்பியும் பிளேசரும் போட்டு எடுக்கிற போட்டோவுக்கும் ஆகிற செலவில் இதில் எவ்வளவு முடியும் என்று உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். சேர்க்கைக்கு வருகிற பெற்றோரையும் பிள்ளையையும், வகுப்பு நடக்கும் ஒரு நாளில், பயிற்சிச் சமையலறைக்குள் ஒரு மணி நேரம் நிற்க விடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒரு மாணவன் தன் கையால் அடுப்பு முன்னால் நிற்கிறான், ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்று இரண்டு எண்களை வாசலில் எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டு வேலை என்று எழுதியிருக்கிற அதே அளவு எழுத்தில்.

கதவு திறந்திருந்தால் அண்ணனைப் போன்றவர்களுக்கும் பார்க்கத் தெரியும். சமையலறை பொய் சொல்லாது. வாணலியைத் தூக்கி அடியைப் பார்த்தால் போதும், தினம் நெருப்பில் ஏறுகிற வாணலியின் அடி கறுத்து மேடு தட்டியிருக்கும். காட்சிக்கு வைத்தது பளபளக்கும். பலகைகள் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும், சிவப்பு நிறம் சமைக்காத கறிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை காய்க்கு. அந்தச் சிவப்புப் பலகையில் கத்திக் கீறல் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கே யாரும் கறி வெட்டவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் வெப்பநிலை எழுதுகிற தாள் ஒட்டியிருக்க வேண்டும். அதில் போன வாரம்வரைக்கும் கையெழுத்து இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாட்டுப் பொருளை வைத்திருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதைச் சுவரில் பிரேம் போட்டு மாட்டிவிட்டு, ஃப்ரிட்ஜையே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த ஒரு பயிற்சிச் சமையலறையை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்டைப் போடச் சொன்னால் சத்தம் வர வேண்டும். தரை ஈரமாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் மாணவர்கள் நிற்க வேண்டும், ஏனென்றால் கழுவத் தெரியாதவனுக்கு எந்தக் கிச்சனிலும் அடுப்பு கிடைக்காது. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பற்றியும் கேட்கலாம். இருபத்தைந்து பேர் உணவைக் கையாளுகிற இடத்தில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்கிறது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தச் சான்றிதழை மாணவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற கல்லூரி, வேலைக்குப் போகிற இடத்தை நினைத்துப் பாடம் நடத்துகிறது என்று அர்த்தம்.

சான்றிதழ் விஷயம். நீங்கள் தருவது பல்கலைக்கழகப் பட்டமா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் டிப்ளமோவா, உங்கள் சொந்தச் சான்றிதழா என்று முதல் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். 1956-ஆம் வருட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும்தான். “டிகிரிக்குச் சமம்” என்று ஓரமாக அச்சடிப்பது அண்ணனைப் போன்றவர்களின் கண்ணைக் கட்டுகிற வேலை. சொந்தச் சான்றிதழ் தருவதில் கேவலம் ஒன்றும் இல்லை. நாங்கள் வேலைக்கு எடுக்கும்போது கையைத்தான் பார்க்கிறோம். ஆனால் மேற்படிப்புக்கோ, அரசு சார்ந்த வேலைக்கோ, சில நாட்டு விசாவுக்கோ போகும்போது அந்தக் காகிதம் செல்லாது என்று அன்றைக்குத்தான் தெரிவது கொடுமை. அதை முதல் நாளே சொன்னாலும் சேருகிறவர்கள் சேரத்தான் செய்வார்கள், கிச்சன் நன்றாக இருந்தால்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வதை நிறுத்துங்கள். 2018-லேயே யு.ஜி.சி. கூடாது என்று சொல்லிவிட்டது. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராத இன்ஸ்டிடியூட்டுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று வாதாடலாம். பிள்ளை பாதியில் விலக நினைத்தால் விட்டுவிடாமல் பிடித்துவைக்க உங்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

வெளிநாடு. நானே போனவள், போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் அனுப்புகிறவருக்கு 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை விளம்பரத்தில் போடுங்கள். கப்பல் வேலை என்றால் எஸ்.டி.சி.டபிள்யூ. என்கிற கடல் பாதுகாப்புப் பயிற்சிக்கும் கப்பல் ஊழியரின் அடையாள ஆவணமான சி.டி.சி. புத்தகத்துக்கும் தனிச் செலவு உண்டு என்று சொல்லுங்கள். “சிங்கப்பூர் டிரெயினிங்” என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு பையன் ஆறு மாதம் தட்டு கழுவிவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தான். தட்டு கழுவியதில் அவனுக்குக் குறையில்லை. நானும் கழுவியிருக்கிறேன். அதற்காக அவன் அப்பா இரண்டு லட்சம் கட்டியிருந்ததுதான் குறை.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சேர்க்கை மேசையிலேயே “பொண்ணுன்னா ஃபிரண்ட் ஆபீஸ் எடும்மா, இல்லாட்டி பேக்கரி” என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். அடுப்பு வரிசையான எங்கள் ஹாட் ரேஞ்சில் இப்போது நான்கு பெண்கள் நிற்கிறார்கள். நாற்பது லிட்டர் ஸ்டாக் பாத்திரத்தை ஒருத்தி தூக்க மாட்டாள், ஆனால் எந்த ஆணும் அதைத் தனியாகத் தூக்குவதில்லை. இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்குகிறோம். பெற்றோரின் உண்மையான கவலை வேறு, ராத்திரி பதினொன்றரைக்கு ஷிப்ட் முடிந்தால் பிள்ளை எப்படி ஹாஸ்டலுக்கு வரும் என்பது. ஐ.டி.க்கு அனுப்பும்போது ஓட்டலிடம் வண்டி கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் கேட்டால் கொடுக்கிறோம். உங்களில் இதுவரை எங்களிடம் கேட்டவர் ஒரே ஒரு முதல்வர்தான்.

இன்னொன்று, இது கொஞ்சம் என் ஆசையும்கூட. கோவில்பட்டியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பிள்ளைகள் சென்னைக்கு எதற்கு வருகிறார்கள்? நான்கு சுவருக்குள் பெஷமல் என்கிற வெள்ளை சாஸின் செய்முறையை எழுத ஊரிலேயே இருந்திருக்கலாமே. 1996-லிருந்து கோயம்பேட்டில் மொத்தக் காய்கறிச் சந்தை நடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே ஒரு நாள் நின்றால், ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த முருங்கைக்கும் வேறு ஊரிலிருந்து வந்ததற்கும் வித்தியாசம் வியாபாரியே சொல்வார். காசிமேட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு காலை போதும். பாரிமுனையில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸ் கடைகள், சவுகார்பேட்டை இனிப்புக் கடைகள், திருவல்லிக்கேணி மெஸ்கள், மயிலாப்பூர் டிபன். இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் வெளியே இருக்க, உங்கள் பாடத்திட்டத்தில் தென்னிந்தியச் சமையலுக்கு எத்தனை வகுப்பு? எங்களிடம் வருகிற பையனுக்கு மேற்கத்தியச் சமையலின் அடிப்படையான ஐந்து மதர் சாஸின் பெயர் தலைகீழாகத் தெரிகிறது. இட்லி மாவு மழைக்காலத்தில் ஏன் பொங்கவில்லை, உளுந்து எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறான். எங்கள் ஓட்டலில் காலைப் பஃபேயில் முதலில் தீர்ந்துபோவது இட்லியும் பொங்கலும்தான். அதைச் செய்ய நாங்கள் இன்னும் கல்லூரிக்குப் போகாத மாஸ்டர்களைத்தான் நம்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவரை வாரம் ஒரு நாள் உங்கள் கிச்சனுக்கு அழைத்து, ஆசிரியர் என்று மரியாதையோடு சம்பளம் கொடுத்துப் பாருங்கள். மண்டபத்தில் என் மருமகனுக்குப் புளியின் நுரையைக் காட்டிய அந்த மனிதரை யாராவது அப்படி அழைத்திருந்தால், நாற்பத்திரண்டு பேரும் கற்றிருப்பார்கள்.

அவன் இப்போது நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன ரெஸ்டாரென்ட்டில் கமி, அதாவது இளநிலைச் சமையல்காரர், வேலை பார்க்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டிக் கொடுத்தேன். எட்டு மாதம், வாரத்தில் என் விடுமுறை நாளெல்லாம் வந்து, முதல் வருடத்தில் கற்றிருக்க வேண்டியதை என் வீட்டு இரண்டு பர்னர் அடுப்பில் கற்றுக்கொண்டான். அவனுக்கு அத்தை இருந்தாள். மற்ற நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள் என்று அவன் சொல்கிறான். ஒருவன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அந்த வளையல் போன மாதம்தான் மீண்டது.

அண்ணனின் மகள் இப்போது பிளஸ் ஒன். அவளுக்கும் சமையல்தான் வேண்டுமாம். தரமணித் தேர்வுக்கும் எழுதுவாள். கிடைக்காவிட்டால் உங்களில் ஒருவரிடம்தான் வர வேண்டும். அடுத்த வருடம் மே மாதம் அண்ணனும் அவளும் நானும் வருவோம், ஏஜென்ட் வேனில் அல்ல, வேளச்சேரியிலிருந்து பஸ் பிடித்து, வகுப்பு நடக்கிற ஒரு நாளில், காலை பத்து மணிக்கு. வரவேற்பறையில் உட்காரச் சொல்ல வேண்டாம். சமையலறை எந்தப் பக்கம் என்று மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களை முதல் நாள் வாங்கி நிறுத்துகிற
ஒரு சூ செஃப்,
சென்னை.